ஏறுங்க, வீட்ல விட்டுடறேன்

எங்கள் ஊரில் ஒருவன் நடந்து போனால் மூன்றில் ஒன்றைத்தான் நினைப்பார்கள். வண்டி பழுதாகி வழியில் நின்றுவிட்டது. இல்லை, வெளிநாட்டுக் கூலியாள். இரண்டும் இல்லையென்றால் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். நான்காவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஓமானின் உள்நாட்டில், மலைக்கும் பேரீச்சந்தோப்புக்கும் நடுவே கிடக்கிற ஊர் இது. பக்கத்துத் தெருவில் ரொட்டி வாங்குவதற்குக்கூடக் காரில் போவோம். கடை வாசலில் ஹாரன் அடித்துக் கடைக்காரனை வெளியே வரவழைத்துத்தான் வாங்குவோம். இப்படிப்பட்ட ஊரில் போய் ஹாரிப் நடக்கக் கிளம்பினார், பாவம்.

ஹாரிப் மின்சார அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் வாய் ஓயாத ஆள். கல்யாண வீட்டில் அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாரோ அந்தப் பக்கம்தான் சிரிப்புச் சத்தம் கேட்கும். மனைவி இறந்து பல வருடமாகிவிட்டது. மூத்தவன் தாலிப் மஸ்கட்டில் குடும்பத்தோடு இருக்கிறான், நல்ல உத்தியோகம். அடுத்தவள் ரைய்யா, எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், முப்பதைத் தொடப்போகிறாள், கல்யாணம் ஆகவில்லை. கடைக்குட்டி முன்திர். அவன்தான் வீட்டுச் செல்லம். போன கோடையில் பாலைவன ரோட்டில், இருட்டில் குறுக்கே வந்த ஒட்டகத்தின் மேல் காரை விட்டான். ஒட்டகமும் செத்தது, அவனும் போனான்.

துக்கம் எல்லா வீட்டுக்கும் வரும், கொஞ்ச நாளில் தணியும் என்று ஊர் காத்திருந்தது. ஹாரிப்புக்குத் தணியவில்லை. வாய்விட்டு அழுதாலாவது பரவாயில்லை என்றிருந்தது ரைய்யாவுக்கு. அவர் அழவும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்தார். தட்டில் வைத்த சோற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். தொழுகைக்கு எழுப்பினால் எழுவார், தொழுவார், திரும்பி வந்து அதே இடத்தில் படுப்பார். தன் கார்ச் சாவியை மட்டும் ஒருநாள் தாலிப்பிடம் நீட்டினார்.

"வித்துடு. அது வாசல்ல நிக்கிறத என்னால பாக்க முடியல."

தாலிப் விற்றுவிட்டான்.

பிறகு ஒரு காலையில் ரைய்யா காவா காப்பி கொண்டுபோய் வைத்து எழுப்பியபோது, "நான் எதுக்கும்மா எந்திரிக்கணும்?" என்று கேட்டார். வம்புக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். ரைய்யா சட்டென்று வெளியே வந்தாள். குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டு, "நீ இன்னைக்கே வரணும், வாப்பா நம்ம கையை விட்டுப் போயிட்டிருக்காங்க" என்று அழுதாள்.

மஸ்கட்டில் பார்த்தது ஒரு பெண் டாக்டர். அவசரமே இல்லாமல் பேசுகிறவர். இது மனச்சோர்வு, சோம்பலும் இல்லை, அல்லாஹ் மேல் ஈமான் குறைவும் இல்லை, ஒரு நோய் என்றார். மாத்திரை எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"இது மட்டும் பத்தாது. தினமும் நடக்கணும். விடிஞ்சதும், முகத்துல வெளிச்சம் படற மாதிரி, கொஞ்சம் மூச்சு வாங்கற மாதிரி. முதல்ல ஒண்ணுமே தெரியாது. சும்மா நடக்கறோம்னு தோணும். அப்ப விட்டுடாதீங்க. யாராவது ஒருத்தர் கூடப் போங்க."

"நான் போறேன் டாக்டர்" என்றாள் ரைய்யா.

திரும்பி வரும்போது ஹாரிப் பின்சீட்டில் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்திர் போனதிலிருந்து காரில் ஏறினாலே அவருக்கு இப்படித்தான். உள்ளங்கை வேர்த்துவிடும். இதை ரைய்யா ஒருத்திதான் கவனித்திருந்தாள்.

"ஊர்ல கேட்டா சர்க்கரைன்னு சொல்லிக்கலாம்" என்றான் தாலிப், ரோட்டைப் பார்த்தபடி.

"ஏன், உள்ளதைச் சொன்னா என்ன?"

"என்னவா? எங்க வாப்பாவுக்கு மனநோய் வைத்தியம் நடக்குதுன்னு சொல்லட்டுமா? நாளைக்கே பைத்தியம்னு பேர் வச்சிடுவாங்க. சமாயில்லேருந்து உன்னைப் பொண்ணு கேட்டு வந்திருக்காங்க, அது ஞாபகம் இருக்கட்டும்."

ரைய்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சமாயில்காரர்கள் நல்ல குடும்பம். மாப்பிள்ளையை ஒருமுறை பள்ளிக்கூட விழாவில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

நடை தொடங்கியது. விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்து வந்தவரைப் படுக்க விடாமல் வாசலிலேயே மடக்கி, தோப்புப் பக்கம் வாய்க்காலோரமாகக் கூட்டிப்போனாள். நல்ல நிழல், நல்ல காற்று. ஆனால் தோப்பு என்றால் தோப்புக்காரர்கள் இருப்பார்களே. முதல் தோப்பில் சலாம் சொன்னார்கள். சலாம் சொன்னால் உட்காரச் சொல்வார்கள். உட்கார்ந்தால் பேரீச்சம்பழம் வரும், அதன் பின்னால் காவா வரும். எழுந்து இருபதடி போனால் அடுத்த தோப்பு.

"இல்ல மாமா, வாப்பாவுக்குச் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்க."

"சர்க்கரையா? எங்க மரத்துப் பழம் சர்க்கரைக்கு ஒண்ணும் பண்ணாதும்மா, அது வேற ரகம். ஹாரிப், ரெண்டு எடுத்துக்கய்யா. சாப்பிட்டுட்டு ஓடக்கூட செய்யலாம்."

வேண்டாம் என்றால் முகம் சுருங்கும். எங்கள் ஊரில் காவாவை மறுப்பதும் ஆளை மறுப்பதும் ஒன்றுதான். மூன்று தோப்பு தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிட்டது, நடந்ததைவிட உட்கார்ந்ததுதான் அதிகம்.

சரியென்று ரோட்டுக்கு மாற்றினாள். அது இன்னும் மோசம். நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு கார் பக்கத்தில் வந்து நிற்கும், கண்ணாடி இறங்கும்.

"ஏறுங்க, வீட்ல விட்டுடறேன்."

"இல்லப்பா, சும்மா நடக்கறேன்."

"அட, என்ன பேச்சு இது. நான் இருக்கும்போது நீங்க நடக்கறதா? சத்தியமா ஏறித்தான் ஆகணும்."

சத்தியம் போட்ட பிறகு என்ன செய்வது? ஒருவன் போட்ட சத்தியத்தைப் பொய்யாக்க ஹாரிப்புக்கு மனசு வராது. ஏறுவார். எல்லோரையும்விட அதிகமாக நிறுத்தியது கல்ஃபான்தான். ஹாரிப்போடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர், இரண்டு தெரு தள்ளி வீடு, விடியற்காலையில் தன் ஆடுகளுக்குத் தீவனம் ஏற்றிப் போகிற மனிதர். பிக்கப்பை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி வந்து கையையே பிடித்து இழுப்பார்.

"டேய், நான் செத்தா போயிட்டேன், நீ கால் தேய நடக்கறதுக்கு? ஏறு. அம்மாடி ரைய்யா, நீ பின்னாடி ஏறிக்கோ, தீவன மூட்டையைத் தள்ளிட்டு உக்காரு."

அன்பில்லாதவர்கள் என்று எங்களை யாரும் சொல்லிவிட முடியாது. அன்பில் மூச்சு முட்ட வைத்துவிடுவோம், அவ்வளவுதான். நடக்கப் போன மனிதர் தினமும் யாராவது ஒருவர் காரில் வீடு திரும்பினார். இறங்கும்போது முகம் வெளிறிப் போயிருக்கும். நேராகப் போய்ப் படுத்துவிடுவார்.

ரைய்யாவும் லேசுப்பட்டவள் இல்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் ஓர் இடம் கண்டுபிடித்தாள். ஊருக்குப் பின்னால், மலையடிவாரத்தில் வறண்டு கிடக்கிற காட்டாற்றுப் படுகை. கல்லும் சரளையுமாக இருக்கும், கார் போகாது, தோப்பு கிடையாது, காவா கொடுக்க ஒரு ஜீவன் கிடையாது. இடையிடையே இலந்தை மரங்கள். அங்கே கூட்டிப்போனாள்.

முதல் சில வாரங்கள் கழுத்தில் கயிறு கட்டி இழுத்துப் போவது மாதிரிதான் இருந்தது. ஒரு வார்த்தை பேசமாட்டார். போதும் என்றும் சொல்லமாட்டார். அவள் நின்றால் நிற்பார், நடந்தால் நடப்பார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும், அரக்கப்பரக்க ஓடுவாள். என்ன பிரயோஜனம் என்று அவளுக்கே அலுப்புத் தட்டியது. டாக்டர் சொன்னதை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒருநாள் அவர் நின்றார். அவளுடைய காலைப் பார்த்தார்.

"இந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டா கல்லுல நடக்கறே? கால் சுளுக்கிச்சுன்னா யார் உன்னைத் தூக்கறது?"

திட்டுத்தான். ஆனால் அவராகப் பேசிய முதல் பேச்சு. "நீங்கதான் தூக்கணும்" என்றாள். "நான் கிழவன், என்னால ஆகாது" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இலந்தைப் பழம் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். மதியம் சோறு இன்னும் கொஞ்சம் கேட்டார். தாடியைத் திருத்தினார். ராத்திரி அவர் குறட்டைச் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டபோது, ரைய்யா போர்வைக்குள் சந்தோஷத்தில் அழுதாள். குறட்டைக்கு அழுத மகள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஒரு காலை, படுகை வளைந்து மேடாகிற இடத்தில் அவள் ஏறமுடியாமல் மூச்சு வாங்க, அவர் முன்னால் ஏறி நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"முன்திர் இருந்தான்னா உன்னை என்ன கிண்டல் பண்ணியிருப்பான். கணக்கு டீச்சருக்கு மேட்டுக்கணக்கு வரலைன்னிருப்பான்."

அவன் இறந்த பிறகு அந்தப் பெயரை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து அழுதார். எத்தனையோ மாதம் தேக்கி வைத்த அழுகை. ரைய்யா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வா, இன்னும் கொஞ்ச தூரம் போகலாம்" என்றார். வாப்பா திரும்பி வந்துவிட்டார் என்று அன்றைக்குத்தான் அவள் நம்பினாள்.

ஆனால் ஊருக்குக் கண் இருக்கிறதே. ஆடு மேய்க்கிறவன் எவனோ பார்த்துவிட்டான். ஹாரிப்பும் மகளும் கருக்கலில் காட்டாற்றில் திரிகிறார்கள், அவர் குனிந்து குனிந்து எதையோ பொறுக்குகிறார் என்று சொல்லிவைத்தான். அவ்வளவு போதாதா? கார் வேறு வீட்டில் இல்லை. தாலிப் விற்றது எல்லோருக்கும் தெரியும், ஏன் விற்றான் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஒரே வாரத்தில் கதை தயார். பெற்றவரின் காரைப் பிடுங்கி விற்றுத் தின்றுவிட்டான் மகன். கிழவர் இலந்தைப் பழம் பொறுக்கித் தின்கிறார். ரோட்டில் வந்தால் மானக்கேடு என்று மலைப்பக்கமாக நடக்கிறார். இதைச் சொன்னவர்களில் கெட்ட எண்ணம் உள்ளவன் ஒருத்தன்கூட இல்லை. எல்லோரும் உச்சுக்கொட்டித்தான் சொன்னார்கள்.

ஒரு கல்யாணத்தில் வரிசையாக நின்று கை கொடுத்துக்கொண்டிருந்தபோது, பெரியவர் ஒருவர் தாலிப்பின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்:

"மகனே, வாப்பாவுக்கு ஒரு வண்டி வாங்கிக் கொடுக்க உனக்கு வசதிப்படலைன்னா கூச்சப்படாம சொல்லு. ஊர்ல எல்லாரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்துடறோம்."

தாலிப் நின்ற இடத்திலேயே செத்தான். விருந்துச் சோற்றில் கை வைக்காமல் கிளம்பிப்போனான். அடுத்த வெள்ளிக்கிழமை லாரியில் ஒரு பெரிய பெட்டியோடு வந்து இறங்கினான். நடை மெஷின். விருந்தாளிகள் உட்காருகிற மஜ்லிஸில், ஏ.சி.க்கு நேர் கீழே, சுவரைப் பார்க்க வைத்துப் பொருத்தினார்கள்.

"டாக்டர் நடக்கத்தானே சொன்னாங்க? இதுல நடக்கட்டும். இனிமே வெளியில வேண்டாம் வாப்பா. என்னால ஊர்ல தலை காட்ட முடியல."

"அண்ணே, வெளியில நடக்கறதுக்கு இது ஈடாகாது" என்று ரைய்யா குறுக்கே வந்தாள். "வெளிச்சம் வேணும்னாங்க. நல்லா ஆயிட்டு வர்றாங்க, நீயே பாக்கறியே."

"நீ சும்மா இரு. நீயும்தான் கூடப் போய் ஊர் வாயில விழுந்தே."

ஹாரிப் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். தாலிப்பின் கண் கலங்கியிருந்தது. அவன் கொடுமைக்காரன் இல்லை, அவமானத்தில் வெந்துபோயிருந்தான்.

"சரிப்பா. இனிமே போகல."

தாலிப் போன பிறகு ரைய்யா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். நாளைக்கு இன்னும் சீக்கிரமாகப் போகலாம், இன்னும் தள்ளிப் போகலாம், யார் கண்ணிலும் படாமல் கூட்டிப்போகிறேன் என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

"ஒருத்தனைத்தான் ரோட்டுல வாரிக் கொடுத்துட்டேனே. இன்னொருத்தன் தலை குனியற மாதிரி நான் நடக்க மாட்டேம்மா."

மெஷினில் கொஞ்ச நாள் நடந்தார். மகன் வாங்கித் தந்ததாயிற்றே. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு, கீழே பட்டை ஓட ஓட நடந்தார். பேச்சு இல்லை. ஒருநாள் அவராகவே நிறுத்திவிட்டு இறங்கினார்.

"இது எங்கேயும் போக மாட்டேங்குதேம்மா."

அதன் பிறகு அதில் ஏறவில்லை. சோறு குறைந்தது. குறட்டை நின்றது. மாத்திரையைக் கொடுத்தால் விழுங்கினார், ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை. பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஏறிவந்த படிகளை ஒவ்வொன்றாக அவர் இறங்குவதை ரைய்யா கண்ணெதிரே பார்த்தாள். பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்ப் பின்னமும் தசமமும் நடத்தினாள்.

பொறுக்கமாட்டாமல் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ஊருக்கு உண்மையைச் சொல்லிடலாம். வாப்பாவுக்கு மனசுல நோய், நடந்தாத்தான் சரியாகும், யாரும் நிறுத்தாதீங்கன்னு நீயே பள்ளிவாசல்ல சொல்லு. ஒரு தடவை சொன்னா போதும்."

தாலிப் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"சமாயில்காரங்க அடுத்த மாசம் வீட்டுக்கு வர்றாங்க. வந்து பேசி முடிச்சிட்டுப் போகட்டும். அப்புறம் நீ மைக் வச்சுக்கூடச் சொல்லிக்கோ. இல்ல, இப்பவே சொல்லணும்னா இப்பவே சொல்லிடறேன். உன் வாழ்க்கை, நீயே முடிவு பண்ணு."

ரைய்யா போனைக் காதில் வைத்தபடி நின்றாள். உள்ளே வாப்பா புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. ஒரு மாசம்தானே என்று நினைத்தாள்.

"சரி. அவங்க வந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

அவர்கள் வரவே இல்லை. வருவதற்கு முன்னாலேயே ஒரு மதியம், தொழுகைக்காகக் கை கால் கழுவி ஒளூ செய்ய எழுந்த ஹாரிப் கட்டில் காலைப் பிடித்தபடி மூச்சுக்குத் தவித்துச் சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. படுத்தே கிடந்ததால் காலில் ரத்தம் உறைந்திருக்கலாம், அது நுரையீரலுக்கு ஏறி அடைத்திருக்கலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். "நடமாட்டமே இல்லையோ?" என்று கேட்டார். தாலிப் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

ஜனாஸா எடுக்கும்போது ஊரே வந்தது. பள்ளிவாசலிலிருந்து அடக்கம் செய்கிற மையவாடி வரைக்கும் அத்தனை ஆண்களும் தோள் மாற்றித் தோள் மாற்றி நடந்தே போனார்கள். பெண்கள் போகிற வழக்கம் இல்லை. ரைய்யா கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கார்கூட அவரை வழிமறிக்கவில்லை.

மூன்று நாள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். ஆண்கள் மஜ்லிஸில், பெண்கள் உள்ளே. நடுவில் ஒரு திரைதான். என்ன நோய் என்று கேட்ட ஒவ்வொருவரிடமும் தாலிப், "சர்க்கரை" என்றான். "சர்க்கரை முத்திப்போச்சு" என்றான். அழுதுகொண்டே சொன்னான். திரைக்கு இந்தப் பக்கம் ரைய்யா ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டாள்.

கடைசி நாள், எல்லோரும் கலைகிற நேரத்தில் கல்ஃபான் பின்வாசலில் வந்து நின்று அவளைக் கூப்பிட்டார். மூன்று நாளில் ஆள் பாதியாகிவிட்டிருந்தார்.

"அம்மாடி, என் மனசு கேக்கல. எனக்கும் சர்க்கரை இருக்கு, எங்க வீட்ல எல்லாருக்கும் இருக்கு. சர்க்கரையில இப்படிப் போக மாட்டாங்க. என்னம்மா ஆச்சு அவனுக்கு?"

ரைய்யா உள்ளே திரும்பிப் பார்த்தாள். அண்ணன் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. இனி யாருக்காக மறைப்பது என்று தோன்றியது. சொல்லிவிட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் நடக்கச் சொன்னது, காரில் ஏறினாலே உள்ளங்கை வேர்த்தது, காட்டாற்றில் அவர் முன்திர் பெயரைச் சொன்னது, சிரித்தது, எல்லாம்.

கல்ஃபான் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"என் வண்டியில கண்ணை மூடிக்கிட்டே வருவான். தூங்கறான்னு நினைச்சேன். தூங்கட்டும்னு சுத்திச் சுத்திக் கொண்டாந்து விடுவேன்."

மடியில் கிடந்த தலைப்பாகையைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் அந்த நோய் வந்துச்சும்மா. எங்க வீட்டுக்காரி இறந்துபோன வருஷம். ஊருக்குத் தெரியாம மாத்திரை சாப்பிட்டேன். முதுகு வலின்னு சொல்லிவச்சேன்." அவர் குரல் உடைந்தது. "ஒரு வார்த்தை என் காதுல போட்டிருந்தா, வண்டியை ஓரமா நிறுத்திட்டு நானும் அவன் கூட நடந்திருப்பேனே. என்கிட்டகூட ஏம்மா சொல்லல?"

தாலிப்பைக் குற்றம் சொல்லியிருக்கலாம். ஊரைச் சொல்லியிருக்கலாம். வாப்பாவே வேண்டாமென்றார் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். எல்லாம் உண்மைதான்.

"எனக்குக் கல்யாணம் ஆகணுமேன்னுதான் சொல்லல மாமா" என்றாள் ரைய்யா.

கல்ஃபான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எழுந்து, அவள் தலையில் ஒரு நிமிஷம் கையை வைத்துவிட்டுத் தெருவில் இறங்கிப் போனார். ரைய்யா பின்வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, வாப்பா, வாப்பா என்று முனகியபடி, உள்ளேயிருந்து பெண்கள் வந்து தூக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.